ஊளையும் உதறலும்... உங்கள் பழைய ஜீப் என்ன சொல்கிறது?

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்களையும் வாங்கிவிட்டுத் தவிக்கிறவர்களையும் ஒரே கேள்விதான் துரத்துகிறது: ‘இந்தச் சத்தம் எங்கிருந்து வருது?’ ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே அதற்கு விடை காணும் வழி இதோ!

போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்கள், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பாறைமேல் தவழ்ந்தபடி ஏறுகிற ஜீப்கள், வால்பாறை எஸ்டேட் ரோடுகளில் மண் அப்பிக்கொண்டு ஓடுகிற ஜீப்கள்... மலைக்குப் போனால் இந்தக் காட்சி தப்பாது. பத்து வருடம், இருபது வருடம் தாண்டிய வண்டி அங்கே கிழடு கிடையாது, அனுபவசாலி. சமவெளியிலும் இப்போது அந்த ஆசை பரவியிருக்கிறது. ஷோரூமில் புதுசு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களும், பழசுதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களும் பழைய தார், ஜிப்ஸி, எம்.எம்.540 என்று தேடி அலைகிறார்கள்.

வண்டி வீட்டுக்கு வந்து, பெயின்ட் மினுமினுப்பில் கிறங்கிக் கிடந்த கண் தெளிந்த பிறகுதான் காது விழித்துக்கொள்ளும். நாற்பதில் போகும்போது மெதுவாக ஒரு ‘ஊய்ங்...’. அறுபதைத் தொட்டால் ஃப்ளோரில் ஒரு நடுக்கம். ஆக்ஸிலேட்டரை விட்டால் ‘டொக்’. ஒர்க் ஷாப்பில் விட்டால் முதல் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘கிரவுன் பினியன் போயிடுச்சு சார்.’ பல்லாயிரம் ரூபாய் செலவழித்து அதை மாற்றி வெளியே எடுத்தால், அதே நாற்பதில் அதே ‘ஊய்ங்’ காத்திருக்கும்.

இப்படிப் பணம் வீணாவதற்கு ஒரே காரணம், கேள்வியைத் தப்பாகக் கேட்பது. ‘சத்தம் எங்கே வருகிறது?’ என்பது இரண்டாவது கேள்வி. அடிச்சட்டம் முழுக்க இரும்பு. ஒரு மூலையில் பிறக்கும் ஒலி இன்னொரு மூலையில் கேட்கும். காது அங்கே எளிதில் ஏமாறும். ‘சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது?’ என்பதே முதல் கேள்வி. இதற்கு ஒழுங்காகப் பதில் எழுதினாலே, பிரிக்க வேண்டிய பாகங்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடும்.

கூட்டல் கணக்கு

காரைவிட ஜீப் ஏன் அதிகம் சத்தம் போடுகிறது என்று பார்த்துவிடுவோம். இன்ஜின் கொடுக்கும் சுழற்சி கிளட்ச் வழியாக கியர்பாக்ஸுக்கு வருகிறது. அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்கள். ஒவ்வொரு ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஜாயின்ட் கிராஸ். பிறகு முன்னும் பின்னும் ஆளுக்கொரு டிஃபரன்ஷியல், அதனுள்ளே கிரவுன் பினியன். கடைசியாக ஆக்ஸில், ஹப், வீல் பேரிங், டயர். இதில் எது தேய்ந்தாலும் சத்தம் வரும்.

ஜிப்ஸியில் இந்தக் கணக்கு இன்னும் ஒன்று கூடும். 1985-ல் மாருதி கொண்டுவந்த அந்த வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தள்ளி, ரப்பர் மவுண்டிங்குகளில் தனியாகத் தொங்கும். இரண்டையும் இணைக்கக் குட்டையாக ஒரு ஷாஃப்ட். ஆக, மொத்தம் மூன்று ஷாஃப்ட்கள். அந்த மவுண்டிங் ரப்பர் வயதாகி வெடித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தொய்ந்து, மூன்று ஷாஃப்ட்களின் கோணமும் ஒரே நேரத்தில் கெடும். ‘ஜிப்ஸின்னா அப்படித்தான் உதறும்’ என்று சொல்லிச் சகித்துக்கொண்டிருக்கும் பல வண்டிகளில் குற்றவாளி இந்த ரப்பர்தான்.

வில்லிஸ் வழிவந்த ஜீப்களின் கதை வேறு. மகிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்களைப் பொருத்தத் தொடங்கியபோது வந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் அமைப்பு, பல பத்தாண்டுகள் நம் ஊர் ஜீப்களில் வாழ்ந்தது. அதில் டூ வீலில் ஓடும்போதும் சுழற்சி நேராகப் பின்னால் போகாது. நடுவே உள்ள இடைக்கியர் வழியாகத்தான் போயாக வேண்டும். பற்கள் எப்போதும் உரசிக்கொண்டிருப்பதால் ஓர் இரைச்சல் எப்போதும் இருக்கும். அது அந்த வண்டியின் சுபாவம். லோ ரேஞ்சில் எந்த ஜீப்பும் கொஞ்சம் அதிகமாகவே கூவும். அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

சுபாவத்தையும் நோயையும் பிரித்துச் சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு: மாற்றம். போன மாதம் இல்லாத சத்தம் இந்த மாதம் வந்திருந்தால், அல்லது இருந்த சத்தம் ஏறிக்கொண்டே போனால், அது நோய். செகண்ட்ஹேண்டில் வாங்கியவருக்குப் போன மாதத்துக் கதை தெரியாது. அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதே அவருக்கு உள்ள நல்ல அளவுகோல்.

வேகமா, ஆர்.பி.எம்மா?

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. ஆள் நடமாட்டமில்லாத சமதள ரோட்டில் சத்தம் வரும் வேகத்துக்குப் போங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் கீழே இறக்குங்கள். வேகம் மாறவில்லை, இன்ஜின் சுற்று மட்டும் கூடியிருக்கிறது. சத்தமும் கூடினால் பிரச்னை இன்ஜின், அதன் மவுண்டிங், கிளட்ச், கியர்பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றில் இருக்கிறது. சத்தம் மாறாமல் அப்படியே இருந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ளவைதான் சந்தேகத்துக்குரியவை.

அடுத்து, அதே வேகத்தில் சில நொடிகள் மட்டும் நியூட்ரலில் உருளவிடுங்கள். இன்ஜினை அணைக்கக் கூடாது. மலை இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் அது உருளும் பாகங்களின் சத்தம்: டயர், வீல் பேரிங், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட்.

நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய சோதனையும் உண்டு. நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சை மிதிக்காமல் கேளுங்கள். உர்ரென்று இரைந்து, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மாறாக, கிளட்ச்சை மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

கியர்பாக்ஸிடம் கேட்க இன்னொரு கேள்வி பாக்கியிருக்கிறது. நான்கு கியர் பெட்டிகளில் டாப் கியரும், ஐந்து கியர் பெட்டிகளில் வழக்கமாக நான்காவதும் நேரடிக் கியர். அதில் மட்டும் சுழற்சி கீழேயுள்ள லே ஷாஃப்ட்டின் பற்களில் பளுவை ஏற்றாமல் நேராகப் போய்விடும். மற்ற கியர்களிலெல்லாம் ஊளையிட்டு, நேரடிக் கியரில் மட்டும் அடங்குகிற வண்டி என்றால், லே ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லா கியரிலும் ஒரே ஊளை என்றால் கியர்பாக்ஸை விட்டுவிட்டுப் பின்னால் தேடுங்கள்.

அறுபதில் ஒரு கணக்கு

உதறலுக்கும் ஊளைக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை, இரண்டுமே அதிர்வுதான். மெதுவாக அதிர்ந்தால் உடம்பு உணர்கிறது, வேகமாக அதிர்ந்தால் காது கேட்கிறது. அந்த அதிர்வு நொடிக்கு எத்தனை என்று தெரிந்தால், அதைக் கிளப்பும் பாகமும் தெரிந்துவிடும்.

205/70 ஆர்15 டயர் போட்ட வண்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். அப்படியானால் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 476 சுற்று, நொடிக்கு 8 சுற்று. டிஃபரன்ஷியல் விகிதம் 4 என்று கொண்டால், புரொப்பல்லர் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 32 சுற்று. பினியனில் 9 பற்கள் இருந்தால், கிரவுன் வீலோடு பல் மோதும் எண்ணிக்கை நொடிக்கு ஏறத்தாழ 290.

இந்த மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு அனுபவங்கள். நொடிக்கு எட்டு என்பது எண்ணக்கூடிய குலுக்கல். ஸ்டியரிங் ஆடும், சீட் ஆடும். அது டயர், ரிம், ஹப் சமாசாரம். நொடிக்கு முப்பது என்பது எண்ண முடியாத ஒரு சிலிர்ப்பு. ஃப்ளோரிலும் கியர் லீவரிலும் உள்ளங்காலிலும் தெரியும். ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கலாகும். அது ஷாஃப்ட். கிராஸில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும் என்பதால் நொடிக்கு அறுபதைத் தாண்டும். நொடிக்கு முந்நூறு என்பது தெளிவான ஒரு சுருதி. உடம்பில் தெரியாது, காதில் மட்டும் பாடும். அது கியர் பல்.

இன்று செல்போனிலேயே அதிர்வையும் ஒலியையும் அளக்கும் செயலிகள் கிடைக்கின்றன. பக்கத்து சீட்டில் இருப்பவர் போனை ஃப்ளோரில் வைத்து அளவைக் குறித்துக்கொள்ளட்டும். உங்கள் டயர் சுற்றளவையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒர்க் ஷாப் வாசலில் நிற்பதற்கு முன்பே பாதி விடை கையில் இருக்கும்.

முதல் சந்தேகம் டயர் மேல்

ஜீப் ஆர்வலர்கள் வாங்கியவுடன் செய்யும் காரியம், பெரிய கட்டம் போட்ட மட் டயர் மாட்டுவது. பிறகு டிஃபரன்ஷியல் கூவுகிறது என்று அலைவார்கள். மட் டயரின் கட்டங்கள் தார் ரோட்டில் அடித்துக்கொண்டே போகும்போது எழும் இரைச்சல், கியர் ஊளையைப் போலவே இருக்கும். பிரித்தறிவது சுலபம். ரோடு மாறினால் டயர் சத்தம் மாறும். புதுத் தாரில் ஒரு மாதிரி, சல்லி பெயர்ந்த ரோட்டில் ஒரு மாதிரி, மண் ரோட்டில் ஒன்றுமே இல்லை என்றால் அது டயர். கியருக்கு ரோடு தெரியாது. அது எங்கும் ஒரே சுருதியில்தான் பாடும்.

நாள்கணக்கில் நிறுத்தியே வைத்திருந்த வண்டிகளில் டயரின் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். முதல் சில கிலோமீட்டருக்குத் தடதடத்து, டயர் சூடானதும் குறைந்தால் காரணம் அதுவே. மலை வண்டிகளில் இன்னொரு வேடிக்கை: ரிம்முக்கு உட்புறம் அப்பிய சேறு காய்ந்து கல்லாகி, ஒரு பக்கம் எடை கூடியிருக்கும். அலைன்மென்ட், பேலன்ஸிங் என்று செலவு செய்வதற்கு முன் உள்பக்கம் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒட்டிய சேறும் அண்டர்கோட்டிங் தாரும்கூட இதே வேலையைச் செய்யும்.

பளு சொல்லும் சேதி

டயரும் இல்லை, கியர்பாக்ஸும் இல்லை என்றால், அடுத்த சாட்சி ஆக்ஸிலேட்டர். சத்தம் வரும் வேகத்தில் மூன்று விதமாக ஓட்டிப் பாருங்கள்: மிதித்து இழுக்கும்போது, வேகம் கூடாமல் குறையாமல் பிடிக்கும்போது, காலை எடுத்துவிட்டு கியரிலேயே உருளும்போது.

மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி. அல்லது விட்டால் ஊளை, மிதித்தால் அமைதி. இப்படிப் பளுவுக்கேற்ப மாறினால் கிரவுன் பினியனை உண்மையிலேயே சந்தேகிக்கலாம். பினியன் பல்லின் ஒரு முகம் வண்டியை இழுக்கும்போது வேலை செய்கிறது. எதிர் முகம் வண்டி இன்ஜினைத் தள்ளும்போது வேலை செய்கிறது. எந்த முகம் தேய்ந்ததோ அந்தப் பளுவில்தான் கூவும். காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால், பினியன் நட்டு தளர்ந்திருக்கிறதா, பினியன் பேரிங்கில் பிளே வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றி, பினியன் ஃப்ளேஞ்சைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்துவிடும். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது.

பளு எதுவானாலும் மாறாமல், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும் உறுமல் என்றால் அது பேரிங். வீல் பேரிங்கா என்று அறிய, ரோட்டில் மெதுவாக இடமும் வலமுமாக வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் வளைக்கும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங். பிறகு அந்தச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையை ஸ்பிரிங் பட்டையில் வைத்தபடி மறுகையால் சுற்றுங்கள். கெட்டுப்போன பேரிங்கின் கரகரப்பு பட்டை வழியாகக் கைக்கு வரும்.

கிரவுன் பினியன்தான் என்று முடிவாகிவிட்டால் மூன்று விஷயங்களில் கறாராக இருங்கள். ஒன்று, கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வாங்கப்பட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை நிச்சயம். இரண்டு, இரண்டின் பற்களுக்கும் நடுவே விடும் இடைவெளியான பேக்லேஷ் வழக்கமாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு வரைதான். அதை டயல் கேஜ் வைத்துத்தான் அளக்க முடியும். கையால் ஆட்டிப் பார்த்து ‘சரியா இருக்கு’ என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். மூன்று, பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, சாயம் பல்லின் நடுவே விழுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டு மூடச் சொல்லுங்கள்.

கிராஸ் படுத்தும் பாடு

உதறலுக்கு வருவோம். ரிவர்ஸிலிருந்து ஃபர்ஸ்ட் போடும்போது ‘டொக்’, மெதுவாக உருளும்போது சக்கரத்தோடு தாளம் தப்பாமல் ‘கீச் கீச்’. இவை இரண்டும் ஜாயின்ட் கிராஸின் முன்னறிவிப்பு. கீழே படுத்து கிராஸின் மூடிகளைப் பாருங்கள். ஓரத்தில் செம்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி, ஊசி பேரிங்குகள் துருவாகிக்கொண்டிருக்கின்றன. கிராஸின் விலை சில நூறுகளில்தான். அதை மாற்றாமல் ஓட்டி, ஷாஃப்ட் கழன்று விழுந்தால் ஆகும் செலவை மலைப்பாதையில் யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கும்.

கிராஸ் புதிது, ஆனாலும் உதறுகிறதா? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. கோணத்தில் மடங்கிச் சுற்றும் கிராஸ், சுழற்சியைச் சீராகக் கடத்தாது. உள்ளே வரும் வேகம் ஒரே மாதிரி இருந்தாலும், வெளியே போகும் வேகம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கூடிக் குறையும். கோணம் 20 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் சுமார் ஆறு சதவிகிதம். ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸை அதே கோணத்தில், சரியான திசையில் பொருத்தியிருப்பதால் அங்கே இந்தக் கோணல் நேராகிவிடுகிறது. அதனால்தான் ஷாஃப்ட்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்.

கிராஸ் மாற்ற ஷாஃப்ட்டைக் கழற்றியவர், ஸ்ப்லைனில் ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் போதும். புது கிராஸோடு புது உதறலும் சேர்ந்தே வரும். பல ஷாஃப்ட்களில் இதற்காகவே அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், கழற்றும் முன் இரு பாகங்களிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஷாஃப்ட் குழாயில் சிறு தகடு பற்றவைத்திருந்தால் அது பேலன்ஸ் எடை. அது விழுந்த இடத்தில் வெல்டிங் தழும்பு மட்டும் தெரிந்தால் ஷாஃப்ட்டை பேலன்ஸிங்குக்கு அனுப்புங்கள்.

வண்டியை உயரமாக்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. கூடுதல் பட்டை போட்டு, நீளமான ஷேக்கிள் மாட்டி ஜீப்பைத் தூக்கினால் ஷாஃப்ட்டின் கோணம் செங்குத்தாகிறது. ஷேக்கிள் நீளமானால் ஆக்ஸிலும் சற்றுத் திரும்புகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃப்ளேஞ்சும் பினியன் ஃப்ளேஞ்சும் இணையாக இருந்த நிலை போய்விடுகிறது. ‘லிஃப்ட் போட்டதிலிருந்து அதிருது’ என்று யாராவது சொன்னால் வேறெங்கும் தேட வேண்டாம். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்பு வடிவ ஷிம் வைத்துக் கோணத்தைத் திருத்தினால் பெரும்பாலும் சரியாகும்.

நான்கு சக்கரத்துக்கும் பூட்டு

இந்தப் பழைய வண்டிகளில் இருப்பது பார்ட் டைம் ஃபோர்வீல். லீவரைப் போட்டதும் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போயாக வேண்டும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் முடியாது. அந்த முறுக்கம் முழுக்க கியர், ஷாஃப்ட், ஆக்ஸிலில் ஏறி, வண்டி இழுத்துப் பிடிக்கும், உதறும், லீவர் திரும்பி வர மறுக்கும். ‘ஃபோர்வீல் போட்டா வைப்ரேஷன்’ என்று வரும் புகார்களில், தார் ரோட்டில் போட்டுப் பார்த்ததால் வந்தவை ஏராளம்.

சேற்றிலும் அப்படித்தான் இழுக்கிறது என்றால் விஷயம் பெரிது. முன்னுக்குப் புது டயர், பின்னுக்குத் தேய்ந்த டயர் என்றிருந்தாலே சுற்றளவில் இரண்டு சதவிகிதம் வித்தியாசம் வரலாம். ஒரு கிலோமீட்டருக்கு 20 மீட்டர்! அதைவிட மோசமானது, முந்தைய உரிமையாளர் பின் ஆக்ஸிலை மட்டும் வேறு விகிதத்துக்கு மாற்றியிருப்பது. இதைக் கண்டுபிடிக்கச் சுண்ணாம்புக்கட்டி போதும். ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வைத்து, மற்றவற்றுக்குக் கட்டை போட்டு, கியரையும் டிரான்ஸ்ஃபரையும் நியூட்ரலில் வையுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் டிஃபரன்ஷியல் விகிதம். லாக்கர் இல்லாத டிஃபரன்ஷியலுக்கு இது பொருந்தும். முன்னாலும் இதேபோல் எண்ணுங்கள். ஃப்ரீவீல் ஹப் இருந்தால் அதை லாக் செய்துவிட்டு எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

கையால் பூட்டித் திறக்கும் ஃப்ரீவீல் ஹப் உள்ள வண்டிக்காரர் பாக்கியசாலி. டூ வீலில், ஹப்பைப் பூட்டி ஒருமுறை, திறந்து ஒருமுறை ஓட்டுங்கள். பூட்டினால் முன் டிஃபரன்ஷியலும் முன் ஷாஃப்ட்டும் சும்மாவே சுற்றும், திறந்தால் நின்றுவிடும். திறந்ததும் சத்தம் போனால் கோளாறு முன்பக்கம். ஹப் இல்லாதவர்கள் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு டூ வீலில் ஓட்டிப் பார்க்கலாம். பின் ஷாஃப்ட் என்றால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பல பழைய ஜீப்களில் ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் இருக்காது, கியரில் போட்டு நிறுத்தினாலும் நிற்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் போல்ட்டில் கை வைக்கவே கூடாது. அதேபோல் இரண்டு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு ஃபோர்வீலில் ஓடவிடுவது தற்கொலைக்குச் சமம். தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இழுத்துத் தள்ளிவிடும்.

ஆயில் பொய் சொல்லாது

எதையும் பிரிப்பதற்கு முன் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரு டிஃபரன்ஷியல்கள் ஆகியவற்றின் ஆயிலைத் தனித்தனியாக வடித்துப் பாருங்கள். வடிகால் பிளக்கின் காந்தத்தில் மெல்லிய கரும்பசை இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் துகளும் பல்லின் சில்லும் இருந்தால் ஆபத்து. பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகுந்தது? ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். ஆக்ஸில் மேலுள்ள பிரீதர் அடைபட்டிருந்தால், ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சீல் மாற்றியும் மீண்டும் மீண்டும் தண்ணீர் வருகிற வண்டியில், சேறு அடைத்த அந்தச் சின்ன பிரீதரைச் சுத்தம் செய்தாலே தீர்ந்துவிடும்.

ஆயிலை ‘நயன்ட்டி ஊத்துங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஹைபாய்ட் வகை டிஃபரன்ஷியலில் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல்-5 தரம் வேண்டும். அதே ஆயில் சில கியர்பாக்ஸ்களில் உள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது, அங்கே ஜி.எல்-4 கேட்பார்கள். வண்டியின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுவே வேதம். ஊளையை அடக்க வாழைப்பழம், மரத்தூள் போட்டு விற்பது செகண்ட்ஹேண்ட் சந்தையின் மிகப் பழைய மோசடி. வாங்கப் போகும் வண்டியில் டிஃபரன்ஷியல் ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருந்தால் உஷாராகிவிடுங்கள்.

பெட்டிச் செய்தி: ஸ்டியரிங் பேயாட்டம்

ஐம்பது, அறுபதில் போகும்போது ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் இரு பக்கமும் வெறிபிடித்தாற்போல் அடித்துக்கொள்வது, ஒரே தண்டாக முன் ஆக்ஸில் உள்ள ஜீப்களுக்கே உரிய வியாதி. அப்போது ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நிற்காமல், இறுகப் பிடித்தபடி வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். ஸ்டியரிங் டேம்பர் மாற்றினால் சில நாள் அடங்கும். அது வலி மாத்திரை. கிங்பின் பேரிங், டை ராடு எண்ட், வீல் பேரிங், ஸ்பிரிங் புஷ், வீல் பேலன்ஸ் ஆகியவற்றைச் சோதிப்பதுதான் வைத்தியம். இதைச் சரிசெய்யாமல் ஹைவேயில் ஏறக் கூடாது.

வாங்கும் முன் இதே வரிசை

வண்டி பார்க்கப் போகும்போது, இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆயில் குளிர்ந்திருக்கும்போது பல சத்தங்கள் வேறு மாதிரி இருக்கும். குளிரிலும் சூட்டிலும் கேட்க வேண்டும். முதலில் கீழே படுத்து கிராஸ், மவுண்டிங் ரப்பர், ஆயில் கசிவு. அடுத்து நான்கு டயரின் அளவும் தேய்மானமும். பிறகு நின்றபடி கிளட்ச் சோதனை. அதன்பின் சமதள ரோட்டில் கியர் மாற்றி, மிதித்து, விட்டு, வளைத்து ஓட்டுங்கள். பாட்டைக் கட்டாயம் அணைத்து வையுங்கள். சோதனை ஓட்டத்தில் மியூசிக் சிஸ்டத்தின் பெருமை பேசுகிற விற்பனையாளர் எதையோ மறைக்கிறார். கடைசியாக, மண் தரையில் ஃபோர் ஹை, ஃபோர் லோ இரண்டையும் போட்டு எடுங்கள். ‘ஃபோர்வீல் எல்லாம் பக்கா, நாங்க போட்டதே இல்ல’ என்பது பாராட்டு ஆகாது. வருடக்கணக்கில் அசையாத லீவர் அசைய மறுக்கும்.

இயந்திரத்தோடு காகிதத்தையும் பாருங்கள். தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி-யில் உள்ள இன்ஜினும் வண்டியில் உள்ள இன்ஜினும் வேறாக இருந்தால், ஊளையே இல்லாத வண்டியும் உங்களைத் தூங்கவிடாது.

சத்தம் இருப்பதாலேயே ஒரு பழைய ஜீப்பை ஒதுக்க வேண்டியதில்லை. டயர், கிராஸ், மவுண்டிங் ரப்பர், வீல் பேரிங் ஆகியவற்றால் வரும் சத்தம், விலை பேசுவதற்கான நியாயமான காரணம், அவ்வளவுதான். ஆயிலில் பல் சில்லு, பளுவுக்கேற்ப மாறும் கிரவுன் பினியன் ஊளை, முன்னும் பின்னும் ஒத்துப்போகாத விகிதம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும், அதைச் சரிசெய்யும் முழுச் செலவையும் விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். விற்பவர் ஒப்பவில்லையா? வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மெக்கானிக்கிடம் போகும்போது ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எந்த கியரில், மிதிக்கும்போதா விடும்போதா, டூ வீலிலா ஃபோர்வீலிலா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் படித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். படிக்காமலே ஜாக்கியைத் தேடுகிறவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.